காயலான் கடைக்காரர் வாங்க மறுத்த பூந்தொட்டி

போன ஜூன் மாதம், உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி, மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. வீட்டில் வீணாகும் பொருளைக் கொண்டு பயனுள்ள ஒன்றைச் செய்து எடுத்து வர வேண்டுமாம். தலைப்பு வழக்கம்போல 'வேஸ்ட்டிலிருந்து பெஸ்ட்'. சீட்டின் பின்பக்கம் 'தேவையான பொருள்கள்' என்று ஒரு பட்டியல்: ஐஸ் குச்சி 50, தெர்மாகோல் ஷீட் 1, கிளிட்டர் பேப்பர் நான்கு நிறம், பெயின்ட், பசை.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர், "எத்தனாங் கிளாஸ் சார்? ப்ராஜெக்ட் செட் ரெடியா இருக்கு" என்றார். ஐஸ் குச்சிப் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஐம்பது குச்சி, பாலித்தீன் உறையில், பளிச்சென்று. இந்தக் குச்சிகள் ஐஸைக் கண்டதில்லை, எந்தக் குழந்தையின் நாக்கையும் கண்டதில்லை. மரத்தை வெட்டி, வீணான பொருள்போல் தோன்றுவதற்காகவே புதிதாகச் செய்யப்பட்டவை. மொத்த பில் 340 ரூபாய். நம் வீட்டுக் குப்பையில் செய்ய வேண்டியதற்கு 340 ரூபாய் ஆகிறது என்றால் எங்கேயோ கணக்கு இடிக்கிறது இல்லையா?

அந்த இடியைத்தான் இந்தக் குறிப்பில் கொஞ்சம் நோண்டிப் பார்க்கப் போகிறேன். வீட்டிலேயே செய்யும் அறிவியல், வீட்டிலேயே செய்யும் சுற்றுச்சூழல் வேலை என்று இப்போது வீடியோக்களும் பள்ளிப் போட்டிகளும் புத்தகங்களும் குவிகின்றன. ஒரு நாவலை விமர்சிக்கிறோம், படத்தை விமர்சிக்கிறோம். பாட்டிலை வெட்டி ஒட்டும் இந்த வகையை மட்டும் யாரும் விமர்சிப்பதில்லை. "நல்ல விஷயம்தானே, விடுங்க" என்று விட்டுவிடுகிறோம். ஒரு வருடமாக நானும் மகளும் இவற்றில் சிலவற்றைச் செய்து பார்த்தோம். நல்ல விஷயம் என்று விடக்கூடியவையும் இருக்கின்றன, விடக்கூடாதவையும் இருக்கின்றன.

முதலில் அந்தப் பூந்தொட்டி. எங்கள் தெருவில் ஒரு குழந்தை செய்தது, போட்டி முடிந்ததும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலை வெட்டி, பெயின்ட் அடித்து, கிளிட்டர் ஒட்டி, ஓரத்தில் லேஸ் வைத்தது. ஒரு மாதத்தில் பெயின்ட் உரிந்தது, லேஸ் கறுத்தது. மாதா மாதம் பழைய பேப்பர் எடுக்க வரும் காயலான் கடைக்காரரிடம் அந்த அம்மா கொடுத்தார்கள். அவர் கையில் வாங்கி ஒரு திருப்பு திருப்பிவிட்டு, "இது வேணாம்மா. பெயின்ட் அடிச்சதை மேல எடுக்க மாட்டாங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்.

எனக்கு இந்த வகை பற்றிக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் அதுதான். வெறும் பெட் பாட்டிலுக்குக் காயலான் கடையில் விலை உண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று எடை போட்டு வாங்குவார்கள். அங்கிருந்து அது உடைத்து, கழுவி, செதிலாகி, பாலியஸ்டர் நூலாகும். அதாவது அந்த பாட்டில் குப்பையே இல்லை, சரக்கு. அதன்மேல் பெயின்டும் பசையும் கிளிட்டரும் ஏறியபோதுதான் அது குப்பையானது. நல்ல சரக்கை எடுத்து, காசு செலவழித்து, குப்பையாக்கி, அதற்குப் பரிசும் கொடுத்திருக்கிறோம். அழகுக்காகச் செய்கிறோம் என்று சொல்லிச் செய்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கோலம் போடுவது மாதிரி அதுவும் ஒரு கைவேலை. மேலே 'சுற்றுச்சூழல்' என்று பெயர்ப்பலகை மாட்டும்போதுதான் கேள்வி வருகிறது. (2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டும் கப்பும் தடை. அந்தத் தடையைக் குழந்தைகளுக்கு விளக்கும் மாடலைத் தெர்மாகோல் ஷீட்டில் செய்து வரச் சொல்கிறார்கள். சிரிக்காமல் என்ன செய்ய?)

இந்த வகைக்கு ஒரு நல்ல பூர்வீகம் உண்டு என்பதால்தான் வருத்தம். அரவிந்த் குப்தாவைச் சொல்கிறேன். 1975-ல் கான்பூர் ஐஐடியில் மின்பொறியியல் முடித்து, புனேயில் டெல்கோவில் வேலைக்குச் சேர்ந்தவர். 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். கிராமத்துப் பள்ளிகளில் ஆய்வகம் கிடையாது. வாரச் சந்தையில் கிடைப்பதை வைத்துத்தான் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் கையில் எடுத்தவை இரண்டு: தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப்.

வால்வு டியூப் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய சைக்கிள் டியூபின் வால்வுக்குள் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய், பென்சில் முனை பருமன் இருக்கும். பஞ்சர் கடையில் அளந்து வெட்டிக் கொடுப்பார்கள். எங்கள் அம்பத்தூருக்கும் இதற்கும் ஒரு சொந்தம் உண்டு. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் தொழிற்சாலை இருந்த ஊர் இது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் இங்கிருந்து போனவைதான். டயருக்கு டன்லப்பும் இங்கேயே. அப்படிப்பட்ட ஊரில் போன வருடம் வால்வு டியூப் தேடி நான்கு பஞ்சர் கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடைப் பெரியவர் தகர டப்பாவின் அடியிலிருந்து ஒரு முழம் எடுத்துக் கொடுத்து, காசு வேண்டாம் என்றுவிட்டார்.

வால்வு டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, குச்சிகளை அதில் செருகினால் மூலைகள் கிடைக்கும். நான்கு குச்சியில் ஒரு சதுரம் செய்து லேசாக அழுத்துங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்துங்கள், அசையாது. ஆறு குச்சியில் நான்முகி செய்தால் அதுவும் அசையாது. பன்னிரண்டு குச்சியில் கனசதுரம் செய்தால் தொளதொளவென்று சாயும். அவ்ளோதான். ரயில் பாலத்திலும் செல்போன் டவரிலும் ஏன் குறுக்குக் கம்பிகள் இருக்கின்றன என்று என் மகளுக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கொரட்டூர் பக்கம் போகும்போது அவளே டவரைக் காட்டினாள்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பொம்மை பார்க்க அழகாக இருக்காது. வீடியோவில் எடுபடாது. ஆனால் கையில் பிடித்து அழுத்தினால் ஒரு பதில் சொல்லும். அவருடைய மோட்டாரும் அப்படித்தான். ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், பத்துச் சுற்று எனாமல் பூசிய செம்புக் கம்பி. கம்பிக்கு நான் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு கடையில் நின்றேன், மிச்சக் கம்பியில் இரண்டு மீட்டர் கொடுத்தார்கள். காந்தம், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து. வளையத்தின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். இன்னொரு முனையில் பாதிப் பக்கம் மட்டும். நாங்கள் முதல் தடவை ஆர்வத்தில் இரண்டு பக்கமும் முழுக்கச் சுரண்டிவிட்டோம். வளையம் சுற்றவில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டிக்கொண்டு நின்றது. மகள், "ப்பா, இது வேணாம் வேணாம்னு சொல்லுது" என்றாள். ஏன் என்று உட்கார்ந்து யோசித்ததில்தான் விஷயம் இருக்கிறது. முதல் அரைச் சுற்றில் காந்தம் வளையத்தை முன்னே தள்ளுகிறது. அடுத்த அரைச் சுற்றில் அதே தள்ளல் பின்னோக்கி ஆகிவிடும். அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டால், வளையம் போன வேகத்திலேயே மீதியைக் கடந்துவிடும். சுரண்டாத பாதிதான் அந்த ஸ்விட்ச். பெரிய மோட்டாரில் கம்யூட்டேட்டர் செய்கிற வேலையின் ஒரு பாதியை இந்தப் பாதி எனாமல் செய்கிறது.

குப்தாவின் படங்கள் பல இந்திய மொழிகளில், தமிழிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புனேயில் ஐயூகா நிறுவனத்தின் குழந்தைகள் அறிவியல் மையத்தில் பல வருடம் இருந்தார். 2018-ல் பத்மஸ்ரீ. அவரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய பொம்மைகளில் பெரும்பாலானவை ஒரு நிமிடத்தில் ஆச்சரியப்படுத்திவிட்டு முடிந்துவிடும். அடுத்து என்ன அளப்பது, எதை மாற்றிப் பார்ப்பது என்ற இடத்துக்கு ஆசிரியர்தான் கொண்டு போக வேண்டும். ஆசிரியர் இல்லாத வீட்டில் அது வேடிக்கையாகவே நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. ஆனாலும் அவர் பொம்மையில் பொய் கிடையாது. செய்தால் வேலை செய்யும். செய்யாவிட்டால் எங்கே தப்பு என்று காட்டும்.

பொய் இருப்பவை எவை என்று கேட்பீர்கள். ஒரே பெட் பாட்டிலில் இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, 'ஈகோ கூலர்'. சில வருடம் முன்பு வங்கதேசத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. பாட்டில்களைப் பாதியாக வெட்டி, கழுத்து உள்பக்கம் வரும்படி ஒரு பலகையில் வரிசையாகச் செருகி, ஜன்னலில் மாட்டினால் கரண்ட் இல்லாமல் அறை 5 டிகிரி வரை குளிரும் என்றார்கள். இதைப் பரப்பியதில் ஒரு விளம்பர நிறுவனத்தின் கை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. விளக்கமாகச் சொன்னது என்னவென்றால், வாயை அகலத் திறந்து கையில் ஊதினால் சூடு, உதட்டைக் குவித்து ஊதினால் குளிர்ச்சி. அதுபோல காற்று குறுகிய கழுத்தில் நெருங்கி, வெளியே விரியும்போது குளிர்கிறதாம்.

ஊதிப் பார்த்தால் உண்மை மாதிரியே இருக்கும். ஆனால் உதட்டைக் குவித்து ஊதும்போது அந்த வேகமான காற்று சுற்றியிருக்கும் அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது, தோலின் ஈரத்தையும் ஆற்றுகிறது. அதனால் குளிர்ச்சி. ஜன்னல் பாட்டிலுக்கு அந்தப் பக்கம் இருப்பதே 38 டிகிரி வெயில் காற்று. அது எதை இழுத்து வந்து குளிரும்? கணக்கும் எளிது. காற்று பாட்டில் கழுத்தில் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அது மணிக்கு 72 கிலோமீட்டர், கிட்டத்தட்ட புயல் காற்று. அந்த வேகத்தில் கிடைக்கும் குளிர்ச்சி 0.2 டிகிரி. அறைக்குள் வந்து வேகம் குறைந்ததும் அந்த 0.2-ம் திரும்பிவிடும். நாங்கள் 16 பாட்டிலில் ஒரு பலகை செய்து பின்பக்க ஜன்னலில் இரண்டு நாள் மாட்டினோம். தெர்மாமீட்டரில் மாற்றமே இல்லை. மாறியது ஒன்றுதான்: ஜன்னலின் பெரும்பகுதியைப் பலகை மறைத்துவிட்டதால் வந்துகொண்டிருந்த கொஞ்சக் காற்றும் நின்றது. இரண்டாம் நாள் ராத்திரி மனைவி அதைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டாள்.

இன்னொன்று, பாட்டில் விளக்கு. பிரேசிலில் உபெராபா என்ற ஊரில் ஆல்ஃப்ரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002-ல் செய்தது. இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி ப்ளீச்சிங் திரவம் விட்டு, கூரையில் ஓட்டை போட்டு, பாதி மேலே பாதி உள்ளே இருக்கும்படி செருகி, ஓரத்தை அடைத்துவிட வேண்டும். மேலே விழும் வெயிலைத் தண்ணீர் வளைத்து, உள்ளே நாலாபக்கமும் சிதறவிடும். பகலில் 40 முதல் 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் என்கிறார்கள். 2011-க்குப் பிறகு பிலிப்பைன்ஸில் பெரிதாகப் பரவியது. நாங்கள் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுச் செருகி, உள்ளே உட்கார்ந்து புத்தகம் படித்தோம். பாட்டில் இல்லாமல் வெறும் ஓட்டையாக இருந்தபோது தரையில் ஒரு வட்டம் மட்டும் வெளிச்சம். பாட்டில் வைத்ததும் பெட்டி முழுக்க. எஸ்டேட் பக்கம் தகரக் கூரைக்கும் சிமென்ட் ஷீட் கூரைக்கும் கீழே பகலிலேயே டியூப்லைட் எரியும் பட்டறைகளை நினைத்துக்கொண்டேன்.

வீடியோவில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதே பாட்டில், அதே பின்னணி இசை, அதே ஏழை வீடு. ஒன்று வேலை செய்கிறது, மற்றொன்று செய்யவில்லை. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை, ஏனென்றால் இந்த வீடியோக்களில் யாரும் எதையும் அளந்து காட்டுவதில்லை. 300 ரூபாய் தெர்மாமீட்டர் ஒன்றை ஜன்னலின் இரண்டு பக்கமும் வைத்துக் காட்டினால் போதும். அதைச் செய்தால் பாதி வீடியோக்கள் வந்திருக்காது.

சொல்லத் தயக்கமாக இருப்பது பயோ என்சைம் பற்றி. எங்கள் மேல்வீட்டு அக்கா அதில் உறுதியான நம்பிக்கை உள்ளவர், எனக்கு வேண்டியவர். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை ஆரஞ்சுத் தோல், பத்துப் பங்கு தண்ணீர். தொண்ணூறு நாள் மூடி வைத்து, அவ்வப்போது திறந்து வாயுவை வெளியே விட வேண்டும். தாய்லாந்திலிருந்து வந்த செய்முறை இது. தரை துடைக்க, பாத்ரூம் கழுவ, செடிக்கு ஊற்ற, பாத்திரம் தேய்க்க, கடைசியாக ஏரியைச் சுத்தம் செய்ய என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

அக்கா கொடுத்த அரை லிட்டரில் பார்த்தோம். பாத்ரூம் டைல்ஸில் போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளை உப்புக்கறை நிஜமாகவே போகிறது. இந்தப் பக்கத்து வீடுகளில் அந்தக் கறை எப்படி அப்பிக்கொள்ளும் என்று தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஏன் போகிறது? மகள் சங்குப்பூவைக் கொதிக்க வைத்து நீலச் சாறு எடுத்தாள். அதில் என்சைம் நாலு சொட்டு விட்டதும் இளஞ்சிவப்பு. எலுமிச்சைச் சாறு விட்டாலும் அதே நிறம், வினிகருக்கும் அதே நிறம். அமிலம். வெல்லம் நொதித்துச் சாராயமாகி, அது புளித்து அசிட்டிக் அமிலமாகிறது. அமிலம் சுண்ணாம்புக் கறையைக் கரைக்கிறது. நொதிகளும் அதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் டைல்ஸில் வேலை பார்ப்பது அமிலம்தான். அடுத்த நாள் ரசத்துக்குக் கரைத்து மிச்சமான புளிச்சக்கையைப் பக்கத்து டைல்ஸில் தேய்த்தோம். கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்க வேண்டியிருந்தது, ஆனால் போய்விட்டது. பித்தளைக் குடத்துக்கு நம் பாட்டிகள் செய்ததுதானே இது. ஒரு கிலோ வெல்லமும் வேண்டாம், தொண்ணூறு நாளும் வேண்டாம். பொங்கல் வைக்கும் வெல்லத்தைத் தரை துடைக்கச் செலவழிப்பதை 'கழிவிலிருந்து' என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டைல்ஸோடு நின்றால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். நொதிக்கும்போது ஓசோன் வெளியாகி வானத்து ஓட்டையை அடைக்கிறது என்று ஒரு பதிவு சுற்றுகிறது. வெளியாவது கார்பன் டை ஆக்சைடு. அதை விடுங்கள், யாருக்கும் கெடுதல் இல்லை. ஏரியில் ஊற்றச் சொல்வதுதான் கெடுதல். எங்கள் பக்கத்து ஏரிகளின் நோய் என்ன? அம்பத்தூர் ஏரியோ கொரட்டூர் ஏரியோ, சாக்கடை கலக்கும் எந்த ஏரியை எடுத்தாலும் நோய் ஒன்றுதான். கரிமப் பொருள் அதிகம். அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மூச்சு கிடைக்காமல் செத்து மிதக்கிறது. இப்போது அந்த ஏரியில் வெல்லம் புளித்த அமிலத்தைக் கொண்டுபோய் ஊற்றினால்? ஒரு லிட்டர் கரைசலில் 10 கிராம் அசிட்டிக் அமிலம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது முழுதாகச் சிதைய 10 கிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜன் வேண்டும். 30 டிகிரி தண்ணீரில், ஏரி நன்றாக இருக்கும்போதே, லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் ஆக்ஸிஜன் கரையும். அப்படியானால் நீங்கள் ஊற்றும் ஒரு லிட்டர், சுமார் 1,400 லிட்டர் ஏரித் தண்ணீரின் ஆக்ஸிஜனைக் கேட்கும். மூச்சுத் திணறும் ஆளின் மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றுவது மாதிரி.

இந்தக் கணக்கை அக்காவிடம் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி தம்பி, ஏரியில ஊத்தல. பாத்ரூமுக்கு வச்சுக்கிறேன், அதுக்கு நீ ஒண்ணும் சொல்லாதே" என்றார். நியாயமான உடன்படிக்கை என்று எனக்குப் பட்டது.

இனி அந்தப் போட்டிக்கு வருகிறேன். என் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மகள் ஐஸ் குச்சியைத் தொடவில்லை. பானைக்குள் பானை செய்தாள். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் பரப்பியது. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவே ஈர மணல், மேலே ஈரத்துணி. ஈரம் ஆவியாகும்போது உள்பானை குளிரும், காய்கறி வாடாது. எங்கள் வீட்டில் விளிம்பு உடைந்த பானை ஒன்று இருந்தது. மணல், தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கியது. செலவு, சின்னப் பானைக்கு மட்டும். இரண்டு வாரம் மதியம் 2 மணிக்கும் மாலை 7 மணிக்கும் தெர்மாமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதினாள்.

மதியம் வெளியே 37, 38. உள்பானையில் 28. ஒன்பது, பத்து டிகிரி வித்தியாசம், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாலையில் வெளியே 32, உள்ளே 29. வித்தியாசம் வெறும் மூன்று. "ராத்திரி பானை ரிப்பேர் ஆயிடுதுப்பா" என்றாள். இரண்டு நாள் மணலை மாற்றினோம், கூடுதல் தண்ணீர் ஊற்றினோம். அப்படியும் மாலையில் மூன்றுதான். பிறகு அவள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்க ஆரம்பித்தாள். பெரும்பாலான நாள்களில் நான்கு, நாலரை மணிக்கு மேல் வித்தியாசம் விறுவிறுவென்று குறைகிறது. ஒரு நாள் மட்டும் இரவு வரை குறையவே இல்லை. அன்றைக்கு என்ன என்று யோசித்தால், ஜன்னல் திரை அசையவில்லை, உடம்பில் கசகசப்பு இல்லாமல் வறட்டு வெக்கை. அன்றைக்குக் கடல்காற்று வரவில்லை.

மெரினாவில் கடல்காற்று வீச ஆரம்பித்த பிறகும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கம் வந்து சேர நேரமாகும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் வராமலே போகும். வந்தால் வெயில் தணியும், ஆனால் காற்றில் ஈரம் ஏறும். ஈரமான காற்றில் பானை எப்படி வியர்க்கும்? நமக்கே வியர்வை காய்வதில்லை. நைஜீரியாவின் வறண்ட வடக்கில் இது கொண்டாடப்பட்டதற்கும், நம் ஊரில் பாதி நாள் மட்டும் வேலை செய்வதற்கும் காரணம் அதுதான். ஏழாவது படிக்கிற பெண், உடைந்த பானையையும் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்துக்கொண்டு, கடல்காற்று எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று கண்டுபிடித்திருந்தாள். நான் இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

போட்டி நாளில் நடுவராக வந்தவர் உள்பானையில் கையை விட்டுப் பார்த்தார். அன்று மேகமூட்டம், ஈரக் காற்று. "கூலாவே இல்லையே பாப்பா" என்றார். அவள் நோட்டைத் திறந்து நீட்டினாள். "ஒர்க்கிங் மாடல்தான் எடுத்துட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். முதல் பரிசு தெர்மாகோலில் செய்த மழைநீர் சேகரிப்பு வீடு. பச்சைப் பெயின்ட், நீலக் கண்ணாடித்தாள் தண்ணீர், சுவரில் வாசகம். அதைச் செய்த பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ராத்திரி பதினோரு மணி வரை அவன் அம்மா ஒட்டியது என்று அவனே சொன்னான், பாவம் அவர்களும்தான். ஆனால் 'ஒர்க்கிங் மாடல்' என்ற சொல்லை அந்த அறையில் யாராவது யோசித்தார்களா? அந்தத் தெர்மாகோல் வீட்டில் எந்த மழை பெய்தது?

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாகிவிட்டது. அளவும் எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர். 600 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 78,000 லிட்டர், கொஞ்சம் வழியில் போனாலும் ஆறு லாரித் தண்ணீருக்குக் குறையாது. பரிசு கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளைகளை வீட்டு மாடிக்கு அனுப்பி, இருக்கிற பைப்பில் இலை அடைத்திருக்கிறதா, தொட்டியில் மணல் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கலாம். (நாங்கள் பார்த்தோம். எங்கள் வீட்டுப் பைப் தொட்டிக்குப் போகவே இல்லை. யாரோ எப்போதோ வாசல் குழிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். மாற்ற ஒரு எல்போவும் கால் மணி நேரமும் போதுமானதாக இருந்தது.)

அப்படி எழுதி வரச் சொல்லும் மரபு நமக்குப் புதிதும் இல்லை. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாடலுக்கு இடமில்லை. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் ஒரு பிரச்சினையை எடுத்து, ஆய்வு செய்து, கட்டுரையாகச் சமர்ப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதை ஒருங்கிணைக்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம்தான் 'துளிர்' இதழையும் பல வருடமாகக் கொண்டு வருகிறது. பழைய துளிர் இதழ்களைப் புரட்டினால் தாளில் அச்சு கொஞ்சம் மங்கலாக இருக்கும், படங்கள் கோட்டுப்படங்கள். ஆனால் 'செய்து பார்' என்றால் செய்து பார்க்க முடியும். கிளிட்டர் கிடையாது.

வீட்டில் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது எதுவென்றால், போட்டிக்கே அனுப்ப முடியாத ஒன்று. ஒரு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து, புனலாக வைத்த மழைமானி. பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலன்று மாடியில் இருந்தது இதன் முந்தைய வடிவம். நிரம்பி வழியப் போகிறது என்று நடுவில் குடை பிடித்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். காற்றில் குடைதான் போனது.

போட்டி முடிந்த அன்று மகள் பானையைத் தூக்கிப் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் திருவல்லிக்கேணியில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டு, "சித்தி, உங்க வீட்ல பெரிய பானை ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே கடல்காற்று முதலில் வரும், இங்கே பிறகு வரும். இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் அளந்தால் எத்தனை மணி நேரம் பின்னால் வருகிறது என்று தெரியும். சித்தி சம்மதித்துவிட்டாள், நாலு மணிக்கு மேல் மணிக்கொருமுறை பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது தெர்மாமீட்டர் ஒன்று வாங்க வேண்டும். இரண்டையும் முதலில் ஒரே சொம்புத் தண்ணீரில் போட்டு ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்க்கணுமாம். சொன்னது அவள்தான்.